யார் பணம் என்று ஊருக்குத் தெரியுமா?

கேள்வி:

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மானிடவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மத்திய அமெரிக்காவில் ஒரு பழங்குடிக் கிராமத்தில் 14 மாதம் தங்கியிருந்தேன். ஊர்ப் பொதுநிலத்தை அவர்கள் எப்படிப் பங்கிட்டுப் பயிர் செய்கிறார்கள் என்பதுதான் என் தலைப்பு. இந்த வருடத்தோடு உதவித்தொகை முடிகிறது. இந்த நேரத்தில் ஒரு அழைப்பு வந்திருக்கிறது. அதே பகுதியில் பல ஊர்களின் நிலத்தை ஊர்க்காரர்களையே வைத்து வரைபடமாக்கும் திட்டம். நல்ல சம்பளம், விசா கவலையும் தீரும். பணம் தருவது அமெரிக்க ராணுவத்தின் ஓர் ஆய்வு அலுவலகம். ரகசியம் எதுவும் இல்லை, எல்லாம் வெளியிடப்படும் என்கிறார்கள்.

உடன் படிக்கும் நண்பன், “நீ போகாவிட்டால் அந்த மொழியில் ஒரு வார்த்தை தெரியாதவன் போவான், அது அவர்களுக்கு நல்லதா?” என்கிறான். வழிகாட்டி, “முடிவு உன்னுடையது” என்று ஒதுங்கிக்கொண்டார். அப்பா, “எந்த ஆராய்ச்சியிலதான் அரசாங்கப் பணம் இல்ல?” என்று கேட்கிறார். நான் துப்பாக்கி தூக்கப் போவதில்லை. சேரலாமா? நான் இருந்த ஊர் உங்களுக்குப் புரிவதற்காக, கையால் வரைந்த படம் ஒன்றையும் இணைத்திருக்கிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்போது இருக்கிற வடிவில் இந்த வேலையில் சேராதீர்கள். ஆனால் “ராணுவம் என்றாலே கூடாது” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. உங்கள் அப்பா கேட்டது நியாயமான கேள்வி. நண்பரின் வாதம் அதைவிட வலுவானது. இரண்டுக்கும் பதில் சொன்னால்தான் என் பேச்சுக்கு மதிப்பு.

நீங்கள் விவரித்திருப்பதைப் போலவே ஒரு திட்டம் ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2005-லிருந்து 2008 வரை அமெரிக்கப் புவியியலாளர்கள் சிலர் மெக்சிகோவில் பழங்குடிகளின் பொதுநிலங்களை வரைபடமாக்கினார்கள். வேலையின் ஒரு பகுதி வஹாக்கா மாநிலத்தின் சியரா ஹுவாரெஸ் மலையில், ஸபோடெக் மக்களின் ஊர்களில் நடந்தது. ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஜிபிஎஸ் கருவியைக் கையில் கொடுத்து, ஓடை, குன்று, எல்லைக்கல் என்று அவர்கள் வாயால் வழங்கும் பெயர்களோடு படம் வரைந்தார்கள். சுமார் 5 லட்சம் டாலர் தந்தது அமெரிக்க ராணுவத்தின் வெளிநாட்டு ராணுவ ஆய்வு அலுவலகம். அது கான்சஸில் ஃபோர்ட் லெவன்வொர்த் ராணுவத் தளத்தில் இருந்தது.

2009 ஜனவரியில் அந்த மலையின் பழங்குடி அமைப்புகளின் கூட்டமைப்பு ஒரு கண்டனம் வெளியிட்டது. பணம் எங்கிருந்து வருகிறது என்று தங்களிடம் சொல்லவில்லை என்பதுதான் குற்றச்சாட்டின் மையம். ஆய்வுக் குழுத் தலைவர்கள் மறுத்தார்கள். நாங்கள் மறைக்கவில்லை, எல்லாத் தகவலும் வெளிப்படையாக இருக்கிறது, வரைபடங்களை ஊருக்கே கொடுத்தோம் என்றார்கள். இதில் யார் சொல்வது முழு உண்மை என்ற தர்க்கத்துக்குள் நான் போகவில்லை. “வெளிப்படை” என்ற சொல்லை மட்டும் கவனியுங்கள். ஆங்கில இணையப் பக்கத்தில் ஓரத்தில் நன்கொடையாளர் பெயர் இருந்தால் ஆய்வாளருக்கு அது வெளிப்படை. மக்காச்சோளக் கொல்லையில் நிற்கிற பெரியவருக்கு, அவர் மொழியில், ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னால்தான் அது வெளிப்படை.

ராணுவத்துக்கு ஏன் பொதுநில வரைபடம்? உங்கள் அப்பாவுக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. அந்த அலுவலகத்தில் இத்திட்டத்தோடு தொடர்பில் இருந்த ஒரு அதிகாரி, நில உரிமை தெளிவாகப் பதிவாகாத இடங்களில் கிளர்ச்சியும் குற்றமும் வளரும், சொத்துப் பதிவேடு பாதுகாப்பு விஷயம் என்று பல வருடங்களாக எழுதி வந்தவர். அதாவது நீங்கள் 14 மாதம் உட்கார்ந்து, என்ன அழகான ஏற்பாடு என்று வியந்து எழுதிய பொதுநில முறை, பணம் கொடுப்பவரின் மேஜையில் ஒரு பாதுகாப்புச் சிக்கலாக இருக்கக்கூடும். அரசாங்கப் பணம் எல்லா ஆராய்ச்சியிலும் இருக்கிறது, அப்பா சொல்வது சரிதான். அறிவியல் நல்கை தரும் அமைப்பு உங்கள் கட்டுரையை எதிர்பார்க்கும். ராணுவ அலுவலகம் கேட்பதோ இடம். எந்த ஊர், எந்தப் பாதை, யார் நிலம், யார் சொன்னால் ஊர் கேட்கும் என்பதெல்லாம். கட்டுரையில் நீங்கள் அடிக்குறிப்பாகத் தள்ளிவிடுவதுதான் அங்கே முதல் பக்கம்.

“நான் துப்பாக்கி தூக்கப் போவதில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். ஜார்ஜ் கொந்தோமினாஸும் தூக்கவில்லை. அவர் எந்த ராணுவத்திடமும் இதற்காகச் சம்பளம் வாங்கவும் இல்லை. பிரெஞ்சு மானிடவியலாளர், வியட்நாமில் பிறந்தவர். 1948–49-ல் மத்திய வியட்நாமின் மலைப்பகுதியில் ஸார் லுக் என்ற சிற்றூரில், முனோங் கார் மக்களோடு வாழ்ந்தார். அவர்கள் காட்டை வெட்டி எரித்துப் பயிர் செய்கிறவர்கள். வருடத்துக்கு எண் கிடையாது. இன்ன காட்டைத் தின்ற வருடம் என்றுதான் கணக்கு. ஒரு முழு விவசாய வருடத்தை, கல்யாணம், சாவு, சண்டை, பலி என ஒன்று விடாமல் எழுதி 1957-ல் பிரெஞ்சில் புத்தகமாக்கினார். மானிடவியல் படிக்கிற யாரும் பொறாமைப்படும் புத்தகம்.

1962-ல் அமெரிக்க அரசின் ஒரு மொழிபெயர்ப்புப் பிரிவு, அவரைக் கேட்காமலேயே அதை ஆங்கிலத்தில் பெயர்த்தது. வியட்நாம் போருக்காக அந்த மலைகளில் பழங்குடிகளைப் படையில் சேர்த்துக்கொண்டிருந்த அமெரிக்கச் சிறப்புப் படையினரின் கைக்கு அது போனது. பத்து வருடம் கழித்து, 1972-ல், டொராண்டோவில் அமெரிக்க மானிடவியல் சங்கத்தின் மாநாட்டில் சிறப்புரை ஆற்ற அவரை அழைத்தார்கள். எழுந்து நின்று இந்தத் திருட்டை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். இன்னொன்றும் சொன்னார். எந்த இளைஞனின் கல்யாணத்தை அந்தப் புத்தகத்தில் விவரித்திருந்தாரோ, அவனைச் சிறப்புப் படை முகாம் ஒன்றில் ஒரு சார்ஜென்ட் சித்திரவதை செய்ததாகப் பின்னால் தமக்குத் தெரியவந்தது என்றார். புத்தகத்தால்தான் அது நடந்தது என்று அவர் நிரூபிக்கவில்லை, நிரூபிக்கவும் முடியாது. அந்த மனிதரின் பெயர் அவருடைய எழுத்தில் இருக்கிறது. நான் இங்கே எழுதப் போவதில்லை.

இதைப் படித்துவிட்டு, “அப்படியானால் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் ஒன்றுதானே” என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அவரிடமிருந்து திருடினார்கள். உங்களை விலை பேசி எடுத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். ஆனால் மறுத்துவிட்டால் கை சுத்தம் என்று நினைத்துவிடவும் முடியாது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது உங்கள் நண்பர். அவர் சொல்வதை அப்படியே வாழ்ந்து பார்த்தவர் ஒருவர் உண்டு. ஜெரால்ட் ஹிக்கி, அமெரிக்க மானிடவியலாளர். 1950களிலிருந்தே வியட்நாமில் ஆய்வு செய்தவர். அப்புறம் ராணுவத்துக்கு ஆய்வு செய்து தரும் ராண்ட் நிறுவனத்தின் வழியாக அமெரிக்க ராணுவத்துக்கு மலைவாழ் மக்கள் பற்றி ஆலோசனை சொன்னார். 1964 ஜூலையில் நாம் டோங் சிறப்புப் படை முகாம் தாக்கப்பட்ட இரவில் அவர் உள்ளே இருந்தார். மலை மக்களுக்கு நில உரிமை கொடுங்கள், அவர்கள் மொழிக்கும் தன்னாட்சிக்கும் இடம் கொடுங்கள், ஊர்களைக் கட்டாயமாகப் பெயர்த்து நகர்த்தாதீர்கள் என்று அறிக்கை மேல் அறிக்கையாக எழுதினார். அந்த மக்கள் மேல் அவருக்கு இருந்த பிரியத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊர்கள் நகர்த்தப்பட்டன. போர் முடிந்தபோது அந்த மலைகளில் பெரும்பாலான கிராமங்கள் பழைய இடத்தில் இல்லை. திரும்பி வந்தவருக்கு, அவர் படித்த சிகாகோ பல்கலைக்கழகத்தின் மானிடவியல் துறையே கதவைச் சாத்தியது. (அது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். வீட்டில் உட்கார்ந்து கொள்கை பேசியவர்கள், களத்தில் கூழ் குடித்தவரைத் தண்டித்தார்கள். ஆனால் அது வேறு கதை.)

ஹிக்கி சொன்ன எதையும் ராணுவம் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். மலைவாழ் வீரர்களிடம் எப்படிப் பழகுவது, எந்தத் தலைவரிடம் பேசுவது போன்ற, போருக்கு உதவுகிற பகுதியைக் கேட்டார்கள். போருக்கே குறுக்கே நிற்கிற பகுதியை ஃபைலில் வைத்தார்கள். உள்ளே இருந்து திருத்தலாம் என்று போகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. அறிக்கையில் எந்தப் பத்தி வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது எழுதியவர் அல்ல.

“மொழி தெரியாதவன் போவான்” என்கிறாரே, போகட்டுமே. அவன் போனால் யாரும் கதவு திறக்க மாட்டார்கள். உங்களுக்குத் திறப்பார்கள். அந்தக் கதவுக்காகத்தான் உங்களுக்கு அழைப்பு. ஜிபிஎஸ் பிடிக்க ஆயிரம் பேர் கிடைப்பார்கள்.

ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலும் நடந்தது இதைவிட நேரடியானது. 2007 முதல் அமெரிக்க ராணுவம் சமூக அறிவியலாளர்களைச் சிறு குழுக்களாகப் படைப்பிரிவுகளோடு அனுப்பியது. “மனித நிலப்பரப்பு” என்று திட்டத்துக்குப் பெயர். மனிதர்களை நிலப்பரப்பு என்று அழைக்கிறபோதே பாதி விஷயம் விளங்கிவிடும். இதில் போனவர்களுக்குப் பயிற்சி கொடுத்ததும் அதே ஃபோர்ட் லெவன்வொர்த்தில்தான். 2007 அக்டோபர் 31 அன்று அமெரிக்க மானிடவியல் சங்கத்தின் செயற்குழு இத்திட்டத்தை ஏற்க முடியாது என்று அறிவித்தது. 2009-ல் சங்கத்தின் ஆய்வுக் குழு விரிவான அறிக்கையும் கொடுத்தது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது ஒரே ஒரு விஷயம், சம்மதம். கவச வண்டியில் வந்து இறங்குகிறவர், சீருடையில், சில நேரம் கையில் ஆயுதத்தோடு, “உங்கள் ஊரில் யாருக்கு யார் உறவு, விருப்பமிருந்தால் சொல்லுங்கள்” என்று கேட்டால், விருப்பமில்லை என்று சொல்லும் துணிச்சல் யாருக்கு வரும்? அந்தக் குழுக்களில் போன ஆய்வாளர்கள் மூவர் உயிரிழந்தார்கள். 70 கோடி டாலருக்கு மேல் விழுங்கிய திட்டம் 2014-ல் சத்தமில்லாமல் மூடப்பட்டது. அதில் இருந்தவர்களில் மானிடவியலாளர்கள் சொற்பம்தான் என்பதையும் சொல்ல வேண்டும். பழி மட்டும் முழுசாக நமக்கு வந்தது.

உங்கள் பகுதியோடு சம்பந்தப்பட்ட ஒரு பழைய வழக்கும் உண்டு. முதல் உலகப் போரின்போது மத்திய அமெரிக்காவில் தொல்லியல் ஆய்வு என்று சொல்லிக்கொண்டு சிலர் அமெரிக்கக் கடற்படைக்கு உளவு பார்த்தார்கள். அமெரிக்க மானிடவியலின் தந்தை என்று சொல்லப்படும் ஃபிரான்ஸ் போவாஸ், யார் பெயரையும் குறிப்பிடாமல், 1919 டிசம்பரில் ஒரு பத்திரிகையில் வெளியான கடிதத்தில் அதைக் கண்டித்தார். பத்தே நாளில் சங்கம் கூடி, 20-க்கு 10 என்ற வாக்கில் கண்டனத் தீர்மானம் போட்டது. உளவு பார்த்தவர்கள் மேல் என்றுதானே நினைப்பீர்கள்? போவாஸ் மேல். அவர் யாரை மனதில் வைத்து எழுதினாரோ, அவர்களில் சிலரும் அந்த வாக்கெடுப்பில் அவருக்கு எதிராகக் கை தூக்கினார்கள். சங்கம் அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது 2005-ல். ஆகவே நெறிமுறைக் குழு காப்பாற்றும் என்று ரொம்ப நம்பியிருக்காதீர்கள்.

போவாஸின் வாதத்தில் இன்றும் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. ஒருவர் உளவு பார்த்தால், அதற்கப்புறம் உண்மையாகவே ஆய்வுக்கு வருகிற ஒவ்வொருவரையும் மக்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள் என்றார். தமிழில் நாம் ‘தகவலாளி’ என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம், நமக்கு விவரம் சொல்லும் ஊர்க்காரருக்கு. அதற்கும் ‘உளவாளி’க்கும் எவ்வளவு தூரம்? சொல்கிறவர் மாறுவதில்லை, சொல்லும் விஷயமும் மாறுவதில்லை. கேட்டுக்கொண்டு போனவர் அதை எங்கே கொடுத்தார் என்பதில்தான் ஒருவர் மற்றவராக மாறுகிறார். அதுவும் அவருக்கே தெரியாமல்.

என் கதையும் ஒன்று உண்டு. சின்னதுதான். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருக்கும், மேற்குத் தொடர்ச்சி மலையில் களப்பணி. தேன் எடுக்கிற குடும்பங்களோடு பாறை பாறையாக அலைந்து, எந்தத் தேன்பாறை யாருடையது, எந்த ஒற்றையடிப் பாதையில் போவார்கள் என்று ஒரு படம் போட்டேன். அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு அறிக்கை தர வேண்டும் என்பது விதி. பெருமையாக அந்தப் படத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். அடுத்த வருடம் போனபோது இரண்டு பாதைகளில் காவல் போட்டிருந்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. என்னோடு பாறைக்கு வந்த பெரியவர் மட்டும், “நீங்க எழுதிக்கிட்டது இதுக்குத்தானா சாமி?” என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. அங்கே ராணுவமும் இல்லை, போரும் இல்லை. ஒரு காகிதம் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகர்ந்தது, அவ்வளவுதான்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

மறுப்பதற்கு முன்னால் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்குங்கள். இறுதி வரைபடம் வெளியிடப்படும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அதை விட்டுவிட்டு மூலத் தரவு யாருக்குப் போகிறது என்று பாருங்கள். ஜிபிஎஸ் புள்ளிகள், பேட்டி ஒலிப்பதிவு, வீட்டுப் பட்டியல் எல்லாம் பணம் கொடுத்தவருக்கு ஒப்படைக்கப்பட வேண்டுமா? ஊர் நடுவழியில் வேண்டாம் என்றால் அதுவரை எடுத்ததை அழிப்பார்களா? எழுத்தில் தரச் சொல்லுங்கள். இழுத்தடிப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அந்த இழுத்தடிப்பையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஊர்க் கூட்டம். அந்த ஊர் உங்களுக்குக் கொடுத்த சம்மதம், படிக்க வந்த பெண்ணுக்குக் கொடுத்தது. அதைப் புதிய முதலாளியிடம் எடுத்துக்கொண்டு போக முடியாது. பணம் யாருடையது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிக் கேளுங்கள். 2007-ல் ஐ.நா. ஏற்ற பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தின் 30-வது பிரிவு, அவர்கள் நிலத்தில் ராணுவ நடவடிக்கை என்றால் முன்கூட்டியே கலந்து பேச வேண்டும் என்கிறது. வரைபடம் போடுவது ராணுவ நடவடிக்கையா என்று வக்கீல்கள் வாதாடட்டும். ஊர்க்காரர்களுக்கு அந்தப் பிரிவு இருப்பதாவது தெரியட்டும்.

எல்லாம் தெரிந்தும் சரி என்று சொல்லிவிட்டால்? சொல்லக்கூடும். நிலத்தைக் காப்பாற்ற வரைபடம் வேண்டும் என்று நினைக்கிற ஊர்கள் நிறைய உண்டு, அவர்களை ஏதும் அறியாதவர்கள் என்று நினைப்பதும் ஒரு திமிர்தான். ஆனால் எல்லைக்கோட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. நீங்கள் இருந்த ஊர் சம்மதித்தால், பக்கத்து ஊரின் எல்லையும் சேர்ந்தே படத்தில் ஏறிவிடுகிறது. அவர்களை யார் கேட்டது? வஹாக்காவில் ஊர்களுக்கிடையே தலைமுறை தலைமுறையாக எல்லைத் தகராறுகள் இருக்கின்றன. வெளியிலிருந்து வந்த ஒரு படம் அதில் யார் பக்கமாவது சாட்சியாக நிற்கும். ஊருக்கு வரைபடம்தான் வேண்டும் என்றால், வேறு பணத்தில், ஊரின் அலமாரியிலேயே இருக்கும்படி செய்து கொடுக்க வழி இருக்கிறது. கனடாவின் பழங்குடி மக்கள் 1998-லிருந்தே, எங்களைப் பற்றிய தரவு எங்களுடையது, எங்கள் கட்டுப்பாட்டில், எங்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்று விதி வகுத்து நடத்துகிறார்கள். அவர்களுடைய மாதிரி ஒப்பந்தங்களைப் படியுங்கள், உங்கள் ஆய்வுக்கே உதவும்.

பணமும் விசாவும் சின்ன விஷயமில்லை. நிரந்தர வேலையில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு அறம் போதிக்கிறவர்களை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான். துறையில் ஆய்வை முடிக்கும் கட்டத்தினருக்கென்று உதவித்தொகை இருக்கிறதா, அடுத்த வருடம் பாடம் நடத்தும் உதவியாளர் வேலை கிடைக்குமா என்று இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள். “முடிவு உன்னுடையது” என்று ஒதுங்கிய வழிகாட்டியிடம், முடிவு என்னுடையதுதான், வழி நீங்கள் காட்ட வேண்டும் என்று சொல்லுங்கள். அது அவர் வேலை.

கடைசியாக, சேராவிட்டாலும் இருக்கிற பொறுப்பு. உங்கள் ஆய்வேடு நூலகத்தில் எல்லோருக்கும் கிடைக்கும். கொந்தோமினாஸின் புத்தகத்தைப் போல அதையும் யாரும் படிக்கலாம். எழுதும்போதே, இது எனக்குத் தேவையா, இல்லை பார்த்துவிட்டேன் என்று காட்டுவதற்காகச் சேர்க்கிறேனா என்று ஒவ்வொரு பின்னிணைப்பையும் கேளுங்கள். ஊர்ப் பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஆற்றின் வளைவும் கோயிலின் திசையும் பெயரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நீங்கள் இணைத்திருந்த படத்தைத் திறந்து பார்த்தேன். நன்றாக வரைகிறீர்கள். நீரூற்று, மூன்று தலைவர்களின் வீடு, மழைக்காலத்தில் மட்டும் போகிற மேல்பாதை எல்லாம் இருக்கின்றன. பார்த்ததும் என் பெட்டியிலிருந்து அழித்துவிட்டேன். நீங்களும் அனுப்பிய அஞ்சல் கோப்பில் தேடி அழித்துவிடுங்கள். திட்டக்காரர்களுக்கு விண்ணப்பித்தபோது அதை எங்காவது இணைத்திருந்தால், எனக்கு முதலில் அதை எழுதுங்கள்.